பாடி கட்டிய வண்டி

ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் சரக்கு வண்டி வாங்கப் போனவருக்குக் கம்பெனி பெரும்பாலும் முழு வண்டியைக் கொடுத்ததில்லை. சேசிஸ், இன்ஜின், சக்கரங்கள், முன்னால் பானட், டேஷ்போர்டு, ஒரு ஸ்டியரிங். அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, பின்னால் தொட்டியும் கிடையாது. டிரைவர் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலைக்குத் துண்டைக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வெயிலும் புழுதியும் முகத்தில் அடிக்க அதை ஊர் கொண்டுவந்து சேர்ப்பார். பிறகுதான் ஆசாரியும் டிங்கரும் கை வைப்பார்கள். மரச்சட்டம் இழைத்து, தகடு அடித்து, கேபின் எழுப்பி, தொட்டி கட்டி, கடைசியில் பெயின்டர் வந்து குலதெய்வத்தின் பேரையும் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்பதையும் எழுதினால் வண்டி பிறந்துவிட்டது என்று அர்த்தம். 'பாடி கட்டியாச்சா?' என்பதுதான் புது வண்டிக்காரரிடம் ஊர் கேட்ட முதல் கேள்வி.

பழைய பிக்கப் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சீர் செய்யும் ஆசை இன்று கடலூர், சிதம்பரம் பக்கம் ஒருவருக்கு வந்தால் அவர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அந்த வண்டியின் அசல் வடிவம் எது? கம்பெனி அனுப்பிய மொட்டைச் சேசிஸா, ஆசாரி கட்டிய பாடியா, இல்லை முப்பது வருஷம் ஓடி ஓடி மாறிய கடைசித் தோற்றமா?

இது வெறும் தத்துவக் கேள்வியாக இருந்தால் திண்ணையில் பேசிவிட்டுப் போகலாம். சட்டமும் இதையே கேட்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டு செல்லும். பேரணி, கண்காட்சி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்குத்தான் தெருவில் இறக்கலாம், வணிகத்துக்குக் கூடாது. இவற்றோடு ஒரு நிபந்தனை. வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது.

ஜமீன் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த காருக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. மல்லாட்டை மூட்டையும் முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் ஏற்றிப் பிழைத்த வண்டிக்கு இது எட்டாக்கனி. உழைத்த வண்டி எதுவும் பிறந்த மேனிக்கு இருக்காது. அப்படி இருந்தால் அது உழைக்கவில்லை என்று பொருள்.

இந்தியாவில் சரக்கு வண்டி அருங்காட்சியகம் ஏறுவதே அபூர்வம். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரோடு இணைந்த ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கார்களைத்தான். அலகாபாத் அருங்காட்சியகத்தில் ஒரு ஃபோர்டு வி-8 வண்டி நிற்கிறது. 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியின் அஸ்தியைத் திரிவேணி சங்கமத்துக்கு ஏற்றிப்போன வண்டி அது. அந்த ஒரு நாள் பயணம் அதற்கு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தது. தினமும் மீன் ஏற்றிய வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் காப்பாற்ற யாராவது ஒருவருக்குத் தனிப்பட்ட பித்து பிடித்தால்தான் உண்டு.

அப்படிப் பித்துப் பிடித்தவர் கையில் சிக்கக்கூடிய வண்டிகளில் முதல் வரிசையில் இருப்பது ஜீப் வழி வந்த பிக்கப். 1945இல் எஃகு வியாபாரத்துக்காகத் தொடங்கிய மகிந்திரா அண்ட் முகம்மது நிறுவனம், பங்காளியான குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்ட பின் 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, பின்பு இங்கேயே தயாரித்தது. வில்லிஸின் 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின் 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்று வினோதமான அமைப்பு. பானட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் கை போகும். காயில், பாயின்ட், கண்டென்சர், கார்ப்பரேட்டர். நின்றுபோன இன்ஜினில் கரன்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று இரண்டைப் பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

ஆனால் பெட்ரோல் இன்ஜினோடேயே கடைசிவரை ஓடிய சரக்கு வண்டிகள் சொற்பம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்தபின் பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், வாடகைக்கு ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்கு முன்பிருந்தே மதராஸ் சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் பழைய பெட்ரோல் லாரிகளின் வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. ஜீப்புகளுக்கோ இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜின் வழிவந்த டீசல் வந்தது, பின்னால் பெஜோ டீசல் வந்தது. முறைப்படி ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டார்கள். டீசல் ஏற்றியதால்தான் அந்த வண்டிகள் கண்டம் ஆகாமல் தப்பின. இன்றைய விதியின் கண்ணில் அந்த உயிர்பிழைப்பே குற்றமாகிவிடுகிறது.

இன்ஜினை விடுங்கள், மற்ற பாகங்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். செல்ஃபும் டைனமோவும் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சக்கரம் வீல்ஸ் இந்தியா, பிரேக் பாகம் பிரேக்ஸ் இந்தியா. மூன்றும் மதராஸின் பாடி, கொரட்டூர்ப் பக்கத்தைச் சுற்றி அறுபதுகளில் எழுந்த டிவிஎஸ் குடும்பத்துத் தொழிற்சாலைகள். பிஸ்டன் செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ். டயர், 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். அமெரிக்காவில் வரைந்து, பம்பாயில் பூட்டி, மதராஸ் உதிரிபாகத்தில் ஓடி, கடலூரில் பாடி கட்டிய வண்டியில் அசலைத் தேடினால் அது எந்த ஊரில் கிடைக்கும்?

பட்டறைக்குள் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகும். தேய்ந்த இன்ஜினை இறக்கிப் பிரித்ததும் சிலிண்டரைப் போர் போட வேண்டிவரும். ஓட ஓட சிலிண்டர் வட்டம் கெட்டு லேசாக முட்டை வடிவமாகியிருக்கும்; அதை மறுபடி வட்டமாகக் குடைய வேண்டும். மெக்கானிக் 'இருபது போடலாம்' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அடுத்த முறை நாற்பது, அதற்கடுத்து அறுபது. அதையும் தாண்டினால் சுவர் தாங்காது, ஸ்லீவ் இறக்கித் திரும்பவும் பழைய அளவுக்கு வர வேண்டும். ரிங் போடும்போது மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரிங்காகச் சிலிண்டருக்குள் விட்டு, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பார்கள். ஹரிக்கேன் இன்ஜினின் போர் மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு சிலிண்டருக்கு ஆயிரத்தில் பத்து, பன்னிரண்டு பங்கு இடைவெளி இருந்தால் சரி. குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனையோடு முனை முட்டி உடையும். கூடினால் ஆயில் ஏறிப் புகை தள்ளும். எந்த அளவு போட்டார்கள் என்பதைப் பிஸ்டன் தலையில் பொறித்த எண் சொல்லிவிடும். பழைய வண்டியை முதல் தடவை பிரிக்கிறவர் அந்த எண்ணைப் பார்த்ததுமே 'ஏற்கெனவே ரெண்டு தடவை இறங்கிடுச்சு' என்பார்.

கதவும் இப்படித்தான் பேசும். எமரி தாளில் ஓரிடத்தை மட்டும் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் கடைசியாக எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக அடித்த பெயின்ட் முதலில் போகும், அடியில் முந்தைய உரிமையாளரின் நிறம், அதற்கடியில் பட்டி, அதற்கும் கீழே செங்காவி ரெட் ஆக்ஸைடு, ஓரிரு இடத்தில் முதல் நிறத்தின் மிச்சம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பது விதி. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்துமுன் பட்டி பார்த்து ஒரு கோட் அடிப்பது வழக்கம். ஆகவே பெயின்ட்டின் அடுக்குகளே அந்த வண்டியின் வருஷக் கணக்கு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து ஷோரூம் பளபளப்பில் அடித்துவிட்டால் வண்டி அழகாகும், கணக்கு அழிந்துபோகும்.

கடலூரில் சுரண்டாமலும் இருக்க முடியாது. காரணம் உப்பு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு பல மடங்கு வேகமெடுக்கும். தேவனாம்பட்டினத்துக் கடல் காற்றில் சும்மா நிற்கும் வண்டிக்கே இந்தக் கதி. முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டியின் பாடு சொல்லி மாளாது. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேசிஸ் மேல் இறங்கும். சட்டத்தின் மடிப்புக்குள் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழியிருக்காது. மேலே பார்க்கப் பளிச்சென்று இருக்கும் வண்டியில், கீழே படுத்து ஸ்குரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழும். உலோக அரிமானத்தையும் ஆராய்கிற ஒரு தேசிய ஆய்வகம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு 1948இல் அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோகத் துண்டுகளைக் கடற்கரையில் வருஷக்கணக்காக வெயிலிலும் காற்றிலும் போட்டுவைத்து அவை எவ்வளவு கரைகின்றன என்று அளந்தவர்கள் அவர்கள். அந்தப் படிப்பெல்லாம் இல்லாத முதுநகர் டிரைவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறப்பது, மழைக்கு முன் கழிவு ஆயிலைச் சேசிஸுக்கு அடிப்பது. துருவின் மேலேயே பட்டி வைத்து மூடுவதுதான் இங்கே செய்யக்கூடாத பாவம். ஒரு ஐப்பசி மழைக்கு அது தாங்காது.

மழையைச் சொன்னால் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 பருவமழையில் வெள்ளம் ஊருக்குள் வந்தது. தண்ணீரில் மூழ்கிய வண்டியை எடுத்ததும் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் மனித இயல்பு. அதுதான் இன்ஜினைக் கொல்வது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டரையோ பிளக்கையோ கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றிலும் ஆயிலை வடித்து மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வண்டிகளுக்கு இந்த வைத்தியத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சாரும் நிறைந்த புது வண்டி நனைந்தால் செலவுக்கணக்கே வேறு.

சிதம்பரம் வந்தால், அசல் எது என்ற அந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறு பதில் நாலு வீதியிலும் ஓடுகிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முந்திய நாள் விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமி, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் புறப்படுகின்றன. கீழே இருக்கும் மர அடிப்பாகம் நிரந்தரம், அதில்தான் சிற்பம். மேலே எழும் கோபுரம் போன்ற பகுதி ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாகக் கால் நட்டு, வாரை கட்டி, துணி சுற்றி எழுப்புவது. அடிப்பாகத்திலும் இற்றுப்போன உறுப்பை ஆசாரி எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார். தமிழ்நாட்டின் பல பெரிய தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து தந்திருக்கிறது. அதனால் இது அந்தத் தேர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. வடம் பிடிக்கிறவருக்கு அந்தச் சந்தேகமே வராது. வருஷத்துக்கு இரண்டு தரம் ஓட வேண்டும், ஓடினால்தான் தேர். சேசிஸ் நிரந்தரம், பாடி ஊராரின் கைவேலை என்று வாழ்ந்த வண்டிக்கு நெருங்கிய சொந்தம் பம்பாய்ப் பேரணிகளில் மின்னும் ரோல்ஸ் ராய்ஸைவிட இந்தத் தேர்தான்.

ஐரோப்பியர்களும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1966இல் தொடங்கிய பழம்பெரும் வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்று ஒன்றை வகுத்தது. கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது அது. உள்ளதை உள்ளபடி காப்பது, சிதைவைத் தடுத்து நிறுத்துவது, இழந்ததை மீட்டுக் கட்டுவது என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. கடைசியைக் கூடியமட்டும் குறைவாகச் செய்யச் சொல்கிறது. ஒரு வண்டி தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களும் அதன் சரித்திரம்தான், அவற்றை மதிக்க வேண்டும், செய்த வேலையை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. ஆசாரி கட்டிய கேபினும் டிராக்டர் வழி டீசலும் அந்தச் சாசனப்படி கறை ஆகா. நம் விதி 'பெரிய மாற்றம் கூடாது' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவதை, 'எப்போது, ஏன், யாரால் மாற்றப்பட்டது என்று காட்டு' என்று திருத்தி எழுதினால் போதும். பழைய ஆர்.சி.யில் இன்ஜின் மாற்றிய குறிப்பு முத்திரையோடு இருக்கிறது. அதைவிட நல்ல சான்று வேறு எது?

இந்தப் பொழுதுபோக்கினால் வண்டி ஒன்று மட்டுமா பிழைக்கிறது? கமான் கட்டையைக் கழற்றி, தொய்ந்த பட்டைகளைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருகிறவர். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து கொடுக்கிறவர். தகட்டை மரச் சுத்தியால் தட்டித் தட்டியே மட்கார்டின் உருளையை வரவழைக்கிற டிங்கர். இவர்களுக்குப் புது வண்டிகளால் வேலை குறைந்துகொண்டே வருகிறது. நெய்வேலிச் சுரங்கமும் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைகளும் இருக்கும் மாவட்டம் இது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று கைத்தொழில் அறிந்தவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடியும் கிடைக்காத ஒரு கிங்பின்னுக்காக இவர்களிடம் வந்து நிற்கிற ஆசைக்காரர் கொடுக்கும் கூலி சொற்பம்தான். ஆனால் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பையனுக்கு அது வேறு எங்கும் கிடைக்காத பாடம்.

வண்டி பூட்டி முடிந்தாலும் கவலை விடாது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது; அந்த ஈயம் பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தையாக இருந்தது. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். கரும்பிலிருந்தும் மொலாசஸிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் இளக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் துரு. ஆகவே குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவது, நிறுத்துமுன் கார்ப்பரேட்டரை வடிப்பது, வாரம் ஒரு தரமாவது சிதம்பரம் சாலையில் ஒரு ஓட்டம் விட்டு வருவது என்று பராமரிப்பே ஒரு விரதம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆயுத பூஜையன்று சந்தனமும் வாழைக்கன்றும் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து எடுப்பதோடு இது முடியாது.

அடுத்த தலைமுறை பிக்கப்புகளை நினைத்தால் கணக்கு சுவாரஸ்யமாகிறது. 1986இல் வந்த டாடா 407க்கு 2036இல் ஐம்பது வயது ஆகும். அதன் டீசல் இன்ஜினைக் கடலூரில் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார். 2005இல் வந்த குட்டியானை, அதாவது டாடா ஏஸ், இரண்டே சிலிண்டர், 702 சிசி. 2055இல் ஐம்பதைத் தொடும். அதன் முதல் மாடல்களும் லேத் பட்டறைக்கு அடங்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகள்தான் சிக்கல். அவற்றில் இன்ஜினை ஆட்டிவைப்பது ஒரு மின்னணுப் பெட்டி, அதன் உள்ளே இருப்பதைப் படிக்கக் கம்பெனியின் மென்பொருளும் அனுமதியும் தேவை. பெட்டி செத்து, கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டால், 2070இல் அதை உயிர்ப்பிக்க நினைக்கிறவர் கமான் கட்டை அடிப்பவரிடம் போக முடியாது. தன் பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தபோது அது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருளோடு வாகனமும் இருந்தது. உதிரிபாகப் பட்டியலும் பழுதுபார்க்கும் கையேடும் யாருக்கும் கிடைக்க வேண்டும் என்று அங்கே எழுந்த பேச்சைப் பழைய வண்டி ஆசைக்காரர்கள்தான் முதலில் கையில் எடுத்திருக்க வேண்டும். பேரணியில் எந்த வண்டிக்குப் பரிசு என்ற சர்ச்சைக்கு நடுவே அதற்கும் ஒரு மனு எழுத நேரம் இருக்கிறது.